பழுப்புக் கொழுப்பு செல்லில் கேப்சைசின் போட்டும் யூசிபி1 ஏறவில்லை, ஏன்?

செல்தட்டு:
சுண்டெலியின் பழுப்புக் கொழுப்பிலிருந்து எடுத்த முன்கொழுப்பு செல்களை முதிரவைத்து, 10 மைக்ரோமோலார் கேப்சைசின் (மிளகாயின் காரப்பொருள்) 24 மணி நேரம் கொடுக்கிறோம். யூசிபி1 (பழுப்புக் கொழுப்பின் மைட்டோகாண்ட்ரியாவில் எரிபொருளை வெப்பமாக்கும் புரதம்) அசையவே இல்லை. 50க்கு ஏற்றினால் சில குழிகளில் செல்கள் திட்டுத்திட்டாகச் செத்துவிடுகின்றன. உயிருள்ள எலியில் வேலை செய்வது தட்டில் ஏன் செய்யவில்லை? ஸ்டாக் (அடர்கரைசல்) எத்தனாலில், செல்லை முதிரவைக்கப் போடும் ரோசிக்ளிட்டசோன் மருந்து கடைசிவரை ஊடகத்தில் இருக்கிறது.

நரம்புவழி:
உடலுக்குள் கேப்சைசின் முக்கியமாக வேலை செய்வது கொழுப்பு செல்லில் அல்ல, நரம்பில். குடல் சுவரின் உணர்நரம்பு நுனிகளில் உள்ள டிஆர்பிவி1 (காரத்தையும் சூட்டையும் உணரும் அயனி வாயில்) திறக்கும். சேதி வேகஸ் நரம்பு வழியாக மூளைக்கு ஏறி, பரிவு நரம்பு வழியாகக் கொழுப்புக்கு இறங்கும். அங்கே சுரக்கும் நோரட்ரீனலின்தான் பீட்டா-3 ஏற்பியைத் தூண்டுகிறது. செல்லுக்குள் சேதி கடத்தும் சைக்ளிக் ஏஎம்பி கூடும், கொழுப்புத் துளி உடையும். விடுபடும் கொழுப்பமிலமே யூசிபி1-ஐ முடுக்கும், எரிபொருளும் அதுவே. உங்கள் தட்டில் இந்த நரம்பு கிடையாது.

கொழுப்பு செல்லிலும் டிஆர்பிவி1 இருப்பதாகச் சொல்லும் ஆய்வுகள் உண்டு. அப்படியானால் அதை உங்கள் செல்லில் முதலில் காட்டுங்கள்: கேப்சைசின் போட்டதும் உள்ளே கால்சியம் ஏறுகிறதா, 30 நிமிடம் முன்பே 10 மைக்ரோமோலார் கேப்சசெபின் (டிஆர்பிவி1-ஐ அடைக்கும் சேர்மம்) கொடுத்தால் அடங்குகிறதா? கூடவே ஒரு குழிக்கு 1 மைக்ரோமோலார் நோரட்ரீனலின். 4–6 மணி நேரத்தில் அதற்கும் யூசிபி1 எம்ஆர்என்ஏ ஏறாவிட்டால், செல் சரியாக முதிரவில்லை.

மைட்டோ:
மேலே சொன்னது சரி, ஆனால் ரோசிக்ளிட்டசோன் இருக்கும்வரை அந்தச் சோதனையை நம்ப முடியாது. அது யூசிபி1-ஐ ஏற்கெனவே உயர்த்தி வைத்திருக்கும். மேலே ஏற இடம் குறைவு. 24–48 மணி நேரம் முன்பே எடுத்துவிடுங்கள்.

செல் திட்டுத்திட்டாகச் சாவதற்குப் பெரும்பாலும் ஊற்றும் முறைதான் காரணம். கேப்சைசின் நீரில் கரையாது. ஸ்டாக்கை நேரே குழியில் விட்டால் துளி விழுந்த இடத்தில் செறிவு பல மடங்கு. ஒரு மில்லிலிட்டர் எத்தனாலுக்கு 3.05 மில்லிகிராம் என்றால் 10 மில்லிமோலார். அதைத் தனிக் குழாயில் வெதுவெதுப்பான ஊடகத்தோடு 1:1000 கலக்கி, குழியின் ஊடகத்தை மொத்தமாக மாற்றுங்கள். எத்தனால் 0.1% மட்டும் போட்ட கட்டுப்பாட்டுக் குழி கட்டாயம். தூளை எடைபோடும்போது கையுறை, கண்ணாடி, புகைக்கூடு மூன்றும் வேண்டும். மூச்சில் போனால் இருமல் அடங்காது.

24 மணி நேரம் ஊறவைப்பதிலும் பலன் குறைவு. கால்சியம் உள்ள ஊடகத்தில் டிஆர்பிவி1 சில நிமிடங்களிலேயே மரத்துப்போகும்.

ஆக்சிஜன்மானி:
எம்ஆர்என்ஏ ஏறினாலும் வெப்பம் வந்தது என்று எழுதிவிடாதீர்கள். மைட்டோகாண்ட்ரியாவின் ஏடிபி ஆக்கத்தை நிறுத்தும் ஒலிகோமைசினுக்குப் பிறகும் நோரட்ரீனலினால் ஏறும் ஆக்சிஜன் நுகர்வைப் பாருங்கள். ஊடகத்தில் கொழுப்பமிலம் நீக்கிய ஆல்புமின் இல்லாவிட்டால், வெளியேறும் கொழுப்பமிலமே யூசிபி1 இல்லாத மைட்டோகாண்ட்ரியாவையும் கசியவைத்து உங்களை ஏமாற்றும். யூசிபி1 நீக்கிய செல்லை ஒப்பிட வைத்துக்கொண்டால் ஐயம் தீரும்.

மனிதரிலும் இதே கதைதான். 2012ல் வெளியான ஜப்பானிய ஆய்வில் 9 மில்லிகிராம் கேப்சினாய்டு (காரமில்லாத உறவுச் சேர்மம்) கொடுத்தபோது, பழுப்புக் கொழுப்பு இயங்கும் ஆண்களில் ஆற்றல் செலவு மணிக்குச் சுமார் 15 கிலோஜூல் கூடியது; மற்றவர்களில் ஏறக்குறைய ஒன்றுமில்லை. 15 கிலோஜூல் என்பது 4 கிலோகலோரிக்கும் குறைவு.