கலைச்சொல் வேண்டல்: ஓர் ஆள் மீதான 'சாங்ஷன்'

அன்பர்களே, வணக்கம்.

பெலருஸ் மேலவைத் தலைவர் நத்தாலியா கச்சானவாவின் வாழ்க்கைக் குறிப்பை வியாழனுக்குள் தமிழில் தர வேண்டும். 2007 முதல் 2014 வரை நவபோலத்ஸ்க் நகர நிர்வாகக் குழுத் தலைவர், பிறகு துணைப் பிரதமர், 2016 டிசம்பரில் அதிபர் அலுவலகத் தலைவர், 2019 டிசம்பரில் மேலவைத் தலைவர். இதுவரை இடறல் இல்லை. 2021 ஜூன் 21 அன்று ஐரோப்பிய ஒன்றியமும் அமெரிக்காவும் இவரைத் தத்தம் தடைப் பட்டியலில் சேர்த்தன. ஆங்கிலத்தில் 'சாங்ஷன்' எனப்படும் இந்த நடவடிக்கைக்குத்தான் சொல் கிடைக்கவில்லை. 'சாங்ஷன்' என்று எழுதினால் வங்கிக்கடன் சாங்ஷன் ஆன பொருள் வந்துவிடும், முற்றிலும் தலைகீழ். 'தடைசெய்யப்பட்ட அரசியலர்' என்றால் தேர்தலில் நிற்கத் தடை என்று படிப்பார்கள். அவரோ பதவியில் நீடித்தார்.

---

> சொல் கிடைக்கவில்லை

'ஒறுத்தார்க்கு ஒருநாளை இன்பம்' என்று குறளே எடுத்துக் கொடுக்கிறதே ஐயா! ஒறு (தண்டி) + தடை = ஒறுதடை. வினைத்தொகை, ஆகவே வல்லினம் மிகாது, 'ஒறுத்தடை' பிழை. ஒறுவாய்ப் பானையில் உள்ள 'ஒறு'வும் இதுவும் ஒன்றே என்பது என் துணிபு: விளிம்பு உடைந்து குறைபடுதல். உரிமையின் விளிம்பைக் குறைப்பதுதானே இத்தடை? 'தண்டம்' வடமொழிக்கே இருக்கட்டும்.

---

> ஒறுதடை

செய்தியில் வாசித்தால் 'ஒரு தடை' என்றுதான் காதில் விழும். 'கச்சானவா மீது ஒறுதடை' என்று சொல்லிப் பாருங்கள்.

பொருளும் ஒட்டவில்லை. ஒறுத்தல் தண்டனை. இது குற்றத் தீர்ப்பு அன்று, நிர்வாக நடவடிக்கை; பட்டியலில் உள்ளவர் லக்சம்பர்க்கில் உள்ள ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றத்தில் எதிர்த்து வழக்காடலாம். ஒன்றியத்தின் ஏற்பாட்டில் மூன்று செயல்கள் உண்டு. அவர் ஒன்றியத்துக்குள் நுழையவோ அதன் வழியே கடந்து செல்லவோ கூடாது. அங்கே அவருக்குள்ள பணமும் சொத்தும் முடங்கும். அங்குள்ள எவரும் அவருக்குப் பணமோ பொருளோ கிடைக்கச் செய்யக் கூடாது. மூன்றாவதைத்தான் மொழிபெயர்ப்பில் விட்டுவிடுகிறோம். அது மற்றவர்களின் கையைக் கட்டுவது. 'பறிமுதல்' மட்டும் வேண்டவே வேண்டாம். முடங்கிய கணக்கின் உரிமை அவரிடமே இருக்கிறது, எடுக்கத்தான் முடியாது.

---

அப்படியானால் 'சொத்து மறியல்'? மறித்து வைத்தல் என்ற பொருள் தெளிவாக வருகிறது.

---

எங்கட இலங்கைப் பக்கத்தில மறியல் என்றால் சிறை. 'விளக்கமறியல்' (விசாரணைக் காவல்) நீதிமன்றச் செய்திகளில் நாளாந்தம் வரும் சொல். சொத்தைச் சிறையில் போட்டதாகவே வாசிப்பினம். 'முடக்கம்' இரு கரையிலும் விளங்கும்.

ஒரு திருத்தமும் உண்டு. யாரும் 'நகர நிர்வாகக் குழுத் தலைவர்' என்பதை 'மேயர்' ஆக்க வேண்டாம். பெலருஸில் அது மேலிருந்து வரும் நியமனப் பதவி. மாகாணத் தலைவரை 'ஆளுநர்' என்பதும் இந்திய வாசகரைக் குழப்பும். இந்திய மாநில ஆளுநரைப் போலன்றி, அவர் நேரடியாக நிர்வாகம் நடத்துபவர்.

---

நன்றி. பொதுச்சொல் 'தனிநபர்த் தடை'. முதன்முறை வரும் இடத்தில் மட்டும் 'பயணத் தடையும் சொத்து முடக்கமும்' என்று விரித்து எழுதுகிறேன். மூன்றாவதற்கு ஒரு தனி வாக்கியம். நால்வர் இதற்கு இசைந்திருக்கிறார்கள்.

---

> தனிநபர்த் தடை

'நபர்' அரபுச் சொல். 'தனியாள் தடை' என்றாவது எழுதுங்கள். காது குழப்புகிறது என்பதற்காக ஒறுதடையை நான் கைவிடுவதாக இல்லை. றகரத்தை ஒலிக்கத் தெரியாதது சொல்லின் குற்றமன்று.