இருவர் மட்டும் செலுத்தும் சிறு படகில் ஸ்பின்னேக்கர் பாயைக் கையாளப் பழகுவது எப்படி?

கேள்வி: கிராண்ட் பே வாசி

அனைவருக்கும் வணக்கம். நானும் என் மனைவியும் ஒன்பது மீட்டர் நீளமுள்ள பாய்மரப் படகு ஒன்றை வைத்திருக்கிறோம். பெரும்பாயையும் முன்பாயையும் கொண்டு மொரீஷியஸின் வடமேற்குக் கரையோரம் ஓட்டப் பழகிவிட்டோம். ஆனால் காற்று பின்புறமிருந்து மெல்ல வீசும்போது, அலையாட்டத்தில் முன்பாய் காற்றை இழந்து படபடவென்று அடித்துக்கொள்கிறது. படகும் நகர மறுக்கிறது. படகை வாங்கியபோது, பின்காற்றில் பலூன்போல் விரியும் ஸ்பின்னேக்கர் பாய் ஒன்றும் (இருபாதியும் ஒரே வடிவிலான பழைய சமச்சீர் வகை) அதற்குரிய கழியும் கூடவே வந்தன. வரும் அக்டோபரில் அண்டைத் தீவான ரீயூனியனுக்குச் செல்லும் எண்ணம் இருப்பதால், ஒருவர் சுக்கானில் இருக்க மற்றவர் தனியாகவே அந்தப் பாயை ஏற்றி இறக்க முடியுமா, எதிலிருந்து தொடங்குவது என்று அனுபவமுள்ளவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

பதில்: போர்ட் லூயி மாலுமி

வணக்கம் ஐயா. முடியும். ஆனால் ஏற்றப் பழகுவதற்கு முன் இறக்கப் பழகுங்கள். இந்தப் பாயில் ஆபத்தெல்லாம் இறக்கும் நேரத்தில்தான். சமச்சீர்ப் பாய்க்குக் கழியைத் தாங்கும் கயிறு, அதைக் கீழே பிடித்து நிறுத்தும் கயிறு, இருபுறமும் பாயின் கீழ்மூலையை இழுத்துப் பிடிக்கும் ஷீட் கயிறு எனக் கவனிக்க வேண்டியவை பல. இருவர் மட்டுமே உள்ள படகுக்குச் சமச்சீரற்ற பாயே ஏற்றது என்பது என் உறுதியான கருத்து. அதன் முன்மூலையைப் படகின் முன்முனையான அணியத்திலேயே கட்டிவிடுவதால் கழிக்கு வேலையில்லை.

எந்தப் பாயானாலும் அதற்கு ஓர் உறை வாங்கிவிடுங்கள். பாயை முழுவதும் மூடும் நீளமான துணிக்குழாய் அது. அதன் வாயிலுள்ள வளையத்தைக் கயிற்றால் மேலே இழுத்தால் பாய் விரியும், கீழே இழுத்தால் ஒடுங்கும். காற்றில்லாத காலை வேளையில், நங்கூரமிட்டபடியே, பாயை உறையோடு ஏற்றி இறக்கிப் பாருங்கள். ஷீட் கயிறுகள் பக்கக் கம்பிகளுக்கு வெளியே செல்கின்றனவா, உறை முறுக்கிக்கொள்ளாமல் நேராகத் தொங்குகிறதா என்பதெல்லாம் அப்போதே தெரிந்துவிடும்.

கடலில் இறக்கும்போது, சுக்கானில் இருப்பவர் படகைக் காற்று போகும் திசைக்கு நன்றாகத் திருப்பி, ஸ்பின்னேக்கர் பெரும்பாயின் மறைவுக்குள் வரும்படி செய்ய வேண்டும். ஷீட்டை முழுவதும் தளர்த்திய பிறகே வளையத்தை இழுக்க வேண்டும். பாயில் காற்று நிறைந்திருக்கும்போது இழுத்தால் வளையம் இறங்காது. முன்தளத்தில் நிற்பவரையே கயிறு மேலே இழுத்துவிடும். அந்தக் கயிற்றைத் தளத்தில் ஒரு கப்பி வழியாகச் செலுத்திவிட்டால், உட்கார்ந்தபடியே முழு உடல் பலத்தையும் கொடுக்கலாம். ஷீட்டின் நுனியில் மட்டும் முடிச்சுப் போடவே போடாதீர்கள். நெருக்கடியில் கயிறு தடையின்றி ஓடி வெளியேற வேண்டும்.

பதில்: கொண்டல்

மேலே உள்ளதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். காற்றோடு ஓடும்போது காற்றின் வலிமை உறைப்பதில்லை. 16 நாட் (ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல்) காற்றில், 6 நாட் வேகத்தில் நேராகக் காற்றோடு சென்றால் தளத்தில் உணர்வது 10 நாட் மட்டுமே. அதே காற்று பக்கவாட்டில் படும்படி படகு திரும்பினால் அது 17 நாட் ஆகிவிடும். பாயின் மீதுள்ள விசையோ ஏறத்தாழ மூன்று மடங்காகும். ஆகவே பழகும் காலத்தில் உண்மைக் காற்று, அதாவது படகின் ஓட்டம் சேராத காற்று, 8, 10 நாட்டைத் தாண்டும் நாளில் இந்தப் பாயைத் தொடாதீர்கள். இறக்கலாமா என்ற எண்ணம் எழுந்தாலே இறக்கிவிடுங்கள்.

பதில்: லெ போர் படகோட்டி

போர்ட் லூயியிலிருந்து ரீயூனியனில் உள்ள எங்கள் லெ போர் துறைமுகம் சுமார் 130 கடல் மைல் தொலைவு என்பதால், வழியில் ஓர் இரவு கட்டாயம் வரும். இங்கு வழக்கமாக வீசும் தென்கிழக்குத் தடக்காற்று இடப்புறப் பின்பக்கத்திலிருந்து வீசும். சமச்சீரற்ற பாய்க்கு அது நல்ல கோணம். தடக்காற்று வலுத்திருக்கும் நாளில் அந்தப் பாயே தேவைப்படாது.

பொழுது சாய்வதற்குள் பாயை இறக்கி மூட்டை கட்டிவிடுங்கள் அண்ணா, காற்று எவ்வளவு சாதுவாக இருந்தாலும் சரி. திடீர்க் காற்றைக் கொண்டுவரும் கருமேகம் இருட்டில் கண்ணுக்குத் தெரியாது. ஒருவர் உறங்கும் நேரத்தில் மற்றவர் தனியாக இதை இறக்கக் கூடாது. பகலிலும் சுக்கானைத் தானியங்கிக் கருவியிடம் விட்டால், பெரிய அலை பின்பக்கத்தைத் தள்ளிய பிறகே அது விழித்துக்கொள்ளும். படகு காற்றை நோக்கிச் சுழன்று சாயத் தொடங்கினால் சுக்கானோடு போராடுவதற்கு முன் ஷீட்டை விடுங்கள். அதனால் ஷீட் எப்போதும் கைக்கெட்டும் வின்ச்சில் (கயிறு சுற்றும் உருளையில்) இருக்கட்டும். ரீயூனியனின் வடகரையிலும் தென்கரையிலும் மலைகளைச் சுற்றி வரும் காற்று வேகம் பிடிப்பதால், மறுநாள் கரை தெளிவாகத் தெரியும் தொலைவில் ஸ்பின்னேக்கரை மீண்டும் ஏற்ற வேண்டாம்.