யாசி தேடுபொறி: போர்ட் திறந்த பிறகும் 'ஜூனியர்' நிலை மாறவில்லை

கேள்வி

வணக்கம். வீட்டில் சும்மா இருந்த பழைய கணினியில் உபுண்டு நிறுவி, அதில் யாசி (YaCy) தேடுபொறியை, அதாவது பயனர்களின் கணினிகளே ஒன்றோடொன்று இணைந்து இயங்கும் தேடுபொறியை, ஓட்டி வருகிறேன். மதுரைத் திட்டத்தின் மின்னூல் பக்கங்களை அட்டவணைப்படுத்திவிட்டேன். என் கணினியில் தேடினால் அவை ஒழுங்காகக் கிடைக்கின்றன. யாசியின் பொது வலையமைப்பான 'ஃப்ரீவேர்ல்டு'வில் தேடுகிற மற்றவர்களுக்கும் அவை கிடைக்க வேண்டும் என்பதே என் நோக்கம். ஆனால் நிலைப் பக்கம் என் கணினியை இன்னும் 'ஜூனியர்' (வெளியிலிருந்து எட்ட முடியாத கணினி) என்றே காட்டுகிறது. ரவுட்டரில், யாசி பயன்படுத்தும் இணைப்பு வாயிலான 8090 போர்ட்டை இந்தக் கணினிக்குத் திருப்பிவிட்டேன், ஃபயர்வாலிலும் அனுமதி கொடுத்துவிட்டேன். வேறு எதைச் சரிபார்க்க வேண்டும்?

மறுமொழி 1

ரவுட்டரின் நிர்வாகப் பக்கத்தில் 'வான் ஐபி' என்று இருக்கும் முகவரியையும், ஐபி காட்டும் ஏதேனும் இணையதளத்தில் தெரியும் முகவரியையும் ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டும் வேறுபட்டு, ரவுட்டரில் உள்ளது 100.64 முதல் 100.127 வரையிலான எண்களில் தொடங்கினால், இணைய நிறுவனம் ஒரே பொது முகவரியைப் பல வீடுகளுக்குப் பகிர்ந்து கொடுக்கிறது என்று பொருள். அப்படியானால் ரவுட்டரில் என்ன மாற்றினாலும் வெளியிலிருந்து வரும் அழைப்பு உங்களை எட்டாது.

ஜூனியராக இருந்தாலும் நீங்கள் தேடலாம், தளங்களை அட்டவணைப்படுத்தலாம். பிற கணினிகள் உங்களிடம் நேரடியாகக் கேட்க முடியாது என்பதுதான் குறை. யாசிக்கு மைய வழங்கி கிடையாது, பெருநிறுவனத் தேடுபொறிகளின் முடிவுகளைக் கடன் வாங்கி அது இயங்குவதும் இல்லை. ஆகவே உங்களைப் போன்றோரின் கணினிகள் வெளியிலிருந்து எட்டக்கூடியவையாக இருப்பது உண்மையிலேயே முக்கியம்.

கேட்டவர்

பார்த்தேன், ரவுட்டரில் உள்ள முகவரி 100.72 என்று தொடங்குகிறது. பொது முகவரி கொண்ட சிறிய வாடகை வழங்கி ஒன்று என்னிடம் உள்ளது. அதன் வழியாக எஸ்எஸ்எச் சுரங்கம் (இரு கணினிகளுக்கு இடையே மறையாக்கப்பட்ட இணைப்பு) அமைக்கலாமா?

மறுமொழி 2

அமைக்கலாம். வாடகை வழங்கியின் எஸ்எஸ்எச் அமைப்பில், சுரங்கத்தின் போர்ட்டை வெளியிலிருந்து அணுகவிடும் 'கேட்வே போர்ட்ஸ்' வசதியை இயக்கி, அதன் 8090 போர்ட்டை வீட்டுக் கணினியின் 8090 போர்ட்டுக்குத் திருப்புங்கள். பிறகு யாசியின் வழங்கி அணுகல் அமைப்பில் 'ஸ்டேடிக் ஐபி' என்ற இடத்தில் வாடகை வழங்கியின் முகவரியை இடுங்கள். இத்தகைய சுரங்கங்களுக்கு 'ஸ்டேடிக் ஐபி' வசதி உதவும்.

சுரங்கத்தைத் திறப்பதற்கு முன் ஒன்றைக் கட்டாயம் செய்துவிடுங்கள். அதே கணினியிலிருந்து வரும் அணுகலுக்கு யாசி இயல்பாகக் கடவுச்சொல் கேட்பதில்லை. சுரங்கம் வழியாக உலகின் எந்த மூலையிலிருந்து அழைப்பு வந்தாலும் அது 127.0.0.1 என்ற உள் முகவரியிலிருந்து வருவதாகவே யாசிக்குத் தெரியும். அதாவது யார் வேண்டுமானாலும் நிர்வாகியாக நுழைந்து உங்கள் அட்டவணையையே அழித்துவிடலாம். பயனர் கணக்குப் பக்கத்தில் கடவுச்சொல் அமைத்து, கணக்கு உள்ளவர்களுக்கு மட்டுமே அணுகல் என்ற தேர்வுக்கு மாற்றிய பிறகே சுரங்கத்தைத் திறக்க வேண்டும்.

கேட்டவர்

நீங்கள் சொன்ன வரிசையிலேயே செய்தேன். கைப்பேசியில் வைஃபையை அணைத்துவிட்டு, மொபைல் டேட்டா வழியாக வாடகை வழங்கியின் முகவரிக்குச் சென்றபோது தேடல் பக்கம் உடனே வந்தது. நிர்வாகப் பக்கமோ கடவுச்சொல் கேட்டது. யாசியை மறுதொடக்கம் செய்த சற்று நேரத்தில் நிலையும் 'சீனியர்' (வெளியிலிருந்து எட்டக்கூடிய கணினி) என்று மாறிவிட்டது. இருவருக்கும் மிக்க நன்றி.

மறுமொழி 2

மகிழ்ச்சி. இனி வெளித் தேடல்களும் வரும் என்பதால், செயல்திறன் பக்கத்தில் நினைவக வரம்பு எவ்வளவு என்று பாருங்கள். இயல்பாக இருக்கும் 600 எம்பி, அட்டவணை வளரும்போது போதாது. கணினியில் போதிய நினைவகம் இருந்தால் 2 ஜிபி வரை கொடுத்துவிடுங்கள்.