கேன் தண்ணில பிளாஸ்டிக்னு சொல்றாங்களே, கொதிக்க வெச்சா போயிடுமா?

வேளச்சேரி_வாசி:

மக்களே, ஒரு வாரமா வீட்டுல இதே பஞ்சாயத்துதான். எங்க பேமிலி குரூப்ல பெரியப்பா ஒரு பார்வர்ட் போட்டாரு. ரத்தக்குழாய்ல பிளாஸ்டிக் இருக்காம், மூளைல ஒரு ஸ்பூன் அளவுக்கு பிளாஸ்டிக் இருக்காம், தண்ணிய கொதிக்க வெச்சா 90 சதவீதம் போயிடுமாம், சைனா விஞ்ஞானிங்க கண்டுபிடிச்சிருக்காங்களாம். எங்கப்பாவுக்கு ரெண்டு வருஷம் முன்னாடி ஸ்டென்ட் வெச்சது. இதைப் படிச்சதுலேர்ந்து மனுஷன் கேன் தண்ணிய தொட மாட்டேங்கறாரு. அம்மா என்ன பண்றாங்கன்னா அதே கேன் தண்ணிய பெரிய குண்டான்ல ஊத்தி கொதிக்க வெச்சு ஆற வெச்சு குடுக்கறாங்க, சிலிண்டர் முன்ன 40 நாள் வரும், இப்ப ஒரு மாசம் தாங்குமான்னே தெரியல.

போர் தண்ணி இருக்கு, ஆனா உப்பு, டிடிஎஸ் மீட்டர் (தண்ணில கரைஞ்சிருக்கற உப்பையெல்லாம் அளக்கறது) விட்டா 1400 காட்டுது. மெட்ரோ வாட்டர் ஒருநாள் விட்டு ஒருநாள் வரும், அது பரவால்ல ரகம். வீட்டுல ஆர்ஓவும் இல்ல, போடலாமா வேணாமான்னு ஓடிட்டிருக்கு.

இதுல எது நெஜம், எது அளப்பு? படிச்சவங்க யாராவது சொல்லுங்க, அப்பாகிட்ட போய் நான் பேசணும்.

லேப்_எலி:

ப்ரோ நான் வாட்டர் டெஸ்டிங் லேப்ல இருக்கேன், எனக்குத் தெரிஞ்சதை சொல்றேன், கொஞ்சம் நீளமா போகும்.

ரத்தக்குழாய் மேட்டர் புருடா இல்ல. 2024 மார்ச்ல நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆப் மெடிசின்ல வந்தது, இத்தாலில கம்பானியா யுனிவர்சிட்டில ரபேலே மார்பெல்லான்னு ஒரு டாக்டரோட டீம் பண்ணது. கழுத்துல மூளைக்குப் போற ரத்தக்குழாய் இருக்குல்ல, அதுல கொழுப்பு அடைச்சவங்களுக்கு ஆபரேஷன் பண்ணி அந்த அடைப்பை சொரண்டி எடுப்பாங்க, அப்படி எடுத்ததை தூக்கிப் போடாம டெஸ்ட் பண்ணிருக்காங்க. கடைசி வரைக்கும் பாலோ பண்ண முடிஞ்சது 257 பேரை. அதுல 150 பேரோட அடைப்புக்குள்ள பாலிஎத்திலீன் இருந்துச்சு, நம்ம கேரி பேக் பிளாஸ்டிக். சிலருக்கு பிவிசியும். அதுக்கப்புறம் கிட்டத்தட்ட 34 மாசம் பாத்ததுல, பிளாஸ்டிக் இருந்த 150 பேர்ல 30 பேருக்கு ஹார்ட் அட்டாக், ஸ்ட்ரோக், இல்ல மரணம். பிளாஸ்டிக் இல்லாத 107 பேர்ல 8 பேருக்குத்தான். வயசு சுகர் எல்லாம் கணக்குல எடுத்துட்டுப் பாத்தா நாலரை மடங்கு ரிஸ்க்.

ஆனா இதை அப்பாகிட்ட சொல்லும்போது இதையும் சேத்து சொல்லுங்க, பிளாஸ்டிக்தான் அட்டாக்கை வரவெச்சதுன்னு அந்த பேப்பரே சொல்லல. ரெண்டும் சேந்து இருக்குன்னுதான் சொல்லுது. அந்த ஆளுங்க என்ன சாப்பிட்டாங்க, என்ன தண்ணி குடிச்சாங்க, எந்த காத்தை சுவாசிச்சாங்கன்னு அளக்கல. லேப்லயே பிளாஸ்டிக் கலந்திருக்க வாய்ப்பு இருக்குன்னும் அவங்களே எழுதிருக்காங்க.

அது சும்மா பேச்சுக்கு சொல்றதில்ல ப்ரோ. நாங்க ஒரு தடவை மைக்ரோபிளாஸ்டிக் எண்ணலாம்னு டிரை பண்ணோம். சுத்தமான தண்ணிய மட்டும் பில்டர் பேப்பர்ல ஊத்தி மைக்ராஸ்கோப்புக்கு கீழ வெச்சா நீல கலர்ல நூல் நூலா கெடக்கு, எங்கேர்ந்துடா வந்துச்சுன்னு மண்டைய ஒடச்சுக்கிட்டோம், கடைசில பாத்தா பக்கத்து சீட்டு பையனோட பாலியஸ்டர் டி ஷர்ட். அன்னிலேர்ந்து பருத்தி கோட்டு போடாம அந்த ரூமுக்குள்ள யாரும் வரக்கூடாதுன்னு ஆச்சு. சட்டை, பைப்பட், மூடி எல்லாமே பிளாஸ்டிக்கா இருக்கற ஒரு ரூம்ல உக்காந்து பிளாஸ்டிக்க எண்றது அவ்ளோ ஈஸி இல்ல.

பாட்டில் தண்ணி நம்பரும் எங்கயாவது பாத்திருப்பீங்க, லிட்டருக்கு 2,40,000 துகள். அது 2024 ஜனவரில கொலம்பியா யுனிவர்சிட்டி ஆளுங்க போட்டது. அமெரிக்காவுல விக்கிற மூணு பிராண்டு தண்ணிய லேசர் வெச்சு பாத்தாங்க. அதுக்கு முன்னாடி வந்த நம்பரை விட ரொம்ப அதிகம், ஏன்னா முன்னாடி இருந்த மைக்ராஸ்கோப்புல அவ்ளோ சின்னதெல்லாம் தெரியாது. இதுல 90 சதவீதம் நானோ சைஸு, ஒரு மைக்ரானுக்கும் (மில்லிமீட்டர்ல ஆயிரத்துல ஒரு பங்கு) கீழ. தண்ணி மோசமானதால நம்பர் ஏறல, கண்ணாடி நல்லதா போட்டதால ஏறிச்சு.

பில்டர்_மாமா:

தம்பி, உங்கம்மாகிட்ட முதல்ல அடுப்ப அணைக்கச் சொல்லுங்க. கேன் தண்ணிய கொதிக்க வெச்சு பிளாஸ்டிக்க எடுக்கணும்னு பாத்தா கேஸுதான் தண்டம். பேதி வாந்தி கிருமிக்காக கொதிக்க வெக்கறாங்கன்னா அது வேற கணக்கு, அதுக்கு வையுங்க.

நான் 18 வருஷமா ஆர்ஓ சர்வீஸ் பண்றேன். அந்த சைனா ஆராய்ச்சி குவாங்சோல பண்ணது, 2024 பிப்ரவரி. என் பையன் படிச்சு சொன்னான். அதுல விஷயமே தண்ணில இருக்கற கால்சியம்தான். கடினத் தண்ணிய கொதிக்க வெச்சா சுண்ணாம்பு பிரிஞ்சு வெள்ளையா படியும் பாத்திருப்பீங்க, ஹீட்டர் காயில்ல காறை கட்டுமே அதே சமாச்சாரம். அந்தச் சுண்ணாம்பு பிரியும்போது பிளாஸ்டிக் துகளையும் சேத்துப் புடிச்சுக்கிட்டு கீழ உக்காருது. லிட்டருக்கு 300 மில்லிகிராம் கடினத்தன்மை இருந்த தண்ணில 90 சதவீதம் வரைக்கும் போச்சு. 60க்கும் கீழ இருக்கற மென்தண்ணில 25 சதவீதம்தான். இப்ப சொல்லுங்க, கேன் தண்ணி ஆர்ஓ பண்ணி வர்றது, அதுல கால்சியமே கழிஞ்சு போயிருக்கும், அப்புறம் எது போய் பிளாஸ்டிக்கப் புடிக்கும்? பெரியப்பா பார்வர்ட்ல இந்த பாதிய காணோம் பாருங்க.

இன்னொரு கூத்து கேளுங்க. மேல அந்தத் தம்பி சொன்ன அமெரிக்கா பாட்டில் தண்ணில ரொம்ப அதிகமா இருந்ததுல ஒண்ணு பாலியமைடு, அதாவது நைலான் வகையறா. பாட்டில் செய்யற பிளாஸ்டிக் அது கெடையாது. தண்ணிய சுத்தம் பண்ற ஆர்ஓ மெம்பிரேன்லேர்ந்தே, அதாவது வடிகட்டற சவ்வுலேர்ந்தே, உதிந்திருக்கும்னு அவங்க சந்தேகப்படறாங்க. மெம்பிரேன் மேல ஒரு மெல்லிசு லேயர் இருக்கும், அதுவே பாலியமைடுதான். நான் டெய்லி கழட்டி மாட்றேன். கஸ்டமர் ஒருத்தர் நாலு வருஷம் அதையே ஓட்டிட்டு "இன்னும் நல்லாத்தான் சார் வருது"ங்கறாரு, கழட்டிப் பாத்தா சாக்கடைல கெடந்த வாழைத்தண்டு மாதிரி கொழகொழன்னு இருக்கு.

வேளச்சேரி_வாசி:

மாமா தெய்வமே, அம்மாகிட்ட போன்லயே சொல்லிட்டேன், "அப்ப இத்தனை நாள் நான் கொதிக்க வெச்சது?"ன்னு கேட்டாங்க, கட் பண்ணிட்டேன்.

அப்ப போர் தண்ணிய கொதிக்க வெச்சா? 1400 இருக்கே, அது செம கடினம்தானே? நேத்து ராத்திரி ஒரு சொம்பு போர் தண்ணிய அஞ்சு நிமிஷம் தளதளன்னு கொதிக்க விட்டு அப்படியே மூடி வெச்சேன். காலைல பாத்தா மேல பால் ஆடை மாதிரி மெல்லிசா ஒரு ஏடு, விரல் வெச்சா நொறுங்குது, அடில மாவு மாதிரி வெள்ளை. ஆனா தண்ணி வாய்ல வெச்சா அதே உப்புதான்.

இன்னொண்ணு, கொதிக்க வெச்சதும் காபி பில்டர்ல வடிகட்டணும்னு அந்த சைனா ஆராய்ச்சில இருக்காமே, எங்க வீட்டு பித்தளை பில்டர் போதுமா?

பில்டர்_மாமா:

ஹாஹா தம்பி, டிகாஷன் பில்டர் இல்ல. வெளிநாட்டுல பேப்பர்ல வடிகட்டுவாங்க, அந்த பேப்பர். நம்ம பில்டர் ஓட்டைல காபித்தூள் நிக்கறதே பெரிய விஷயம்.

டிடிஎஸ் வேற, கடினத்தன்மை வேற. 1400ல முக்கால்வாசி சோடியம் உப்பா இருந்தா அது கொதிச்சாலும் போகாது, தண்ணி வத்த வத்த இன்னும் கரிக்கும். பைகார்பனேட்டா இருக்கற கால்சியம் மட்டும்தான் கொதிச்சா படியும், நீங்க பாத்த ஏடு அதான். இந்திய ஸ்டாண்டர்டுல டிடிஎஸ் 500க்குள்ள இருக்கணும், வேற வழியே இல்லன்னா 2000 வரைக்கும்னு இருக்கு. ஹார்ட் பேஷண்ட்டுக்கு கரிக்கற தண்ணிய பிளாஸ்டிக் பயத்துல குடுக்காதீங்க. உப்புக்கும் பிபிக்கும் இருக்கற சம்பந்தம் ஊரறிஞ்சது. டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கோங்க.

மெட்ரோ தண்ணி வருதுன்னீங்களே, அதுல கடினத்தன்மை எவ்ளோன்னு ஒரு டெஸ்ட் எடுங்க. நடுத்தரமா இருந்தா அதையே கொதிக்க வெச்சு, ஆட்டாம தெளிய விட்டு, மேலாப்புல எடுத்து நல்ல பருத்தித் துணில வடிகட்டி எவர்சில்வர்ல வெச்சுக்கலாம். பழைய பாலியஸ்டர் புடவைய மட்டும் கிழிச்சு கட்டிடாதீங்க.

சந்தேகப்_பிராணி:

மூளைல ஒரு ஸ்பூன்னு வந்ததை யாரும் தொடலையே. அது நியூ மெக்சிகோ யுனிவர்சிட்டில மேத்யூ கேம்பன் டீம், நேச்சர் மெடிசின்ல 2025 பிப்ரவரில வந்துச்சு. இறந்தவங்களோட மூளை திசு 52 சாம்பிள், 2016ல எடுத்தது 28, 2024ல எடுத்தது 24. எட்டு வருஷத்துல அளவு ஏறிருக்கு, கிட்னி லிவரை விட மூளைலதான் அதிகம்னு சொன்னாங்க. உடனே எல்லா சேனல்லயும் ஸ்பூன் ஸ்பூன்னு ஒரே அலறல்.

சிக்கல் அவங்க அளந்த முறைல இருக்கு. திசுவை கரைச்சு மிச்சத்தை சூடு பண்ணி ஆவியாக்கி, வர்ற வாயுவை வெச்சு இது இன்ன பிளாஸ்டிக்னு சொல்றாங்க. பாலிஎத்திலீனை அப்படி சூடு பண்ணா என்ன வாயு வருமோ கொழுப்பை சூடு பண்ணாலும் கிட்டத்தட்ட அதே வரும், ரெண்டுமே நீளமான கார்பன் சங்கிலி. மூளையோட உலர் எடைல பாதிக்கு மேல கொழுப்பு. அப்ப அவங்க அளந்தது பிளாஸ்டிக்கா மூளைக் கொழுப்பான்னு மத்த விஞ்ஞானிங்க கேட்டாங்க, அந்தக் கேள்வி நியாயமானதுதான். அதுக்காக மூளைல பிளாஸ்டிக்கே இல்லன்னு நான் சொல்ல வரல, ஸ்பூன் கணக்கைத்தான் நம்ப மாட்டேங்கறேன்.

இதே மாதிரி வாரத்துக்கு ஒரு கிரெடிட் கார்டு சாப்பிடறோம்னு 2019ல ஓடிச்சே ஞாபகம் இருக்கா? 5 கிராம்னாங்க. ரெண்டு வருஷம் கழிச்சு நெதர்லாந்துல வாகனிங்கன் யுனிவர்சிட்டி ஆளுங்க போட்ட கணக்குல பெரியவங்களுக்கு ஒரு நாளைக்கு சுமாரா 583 நானோகிராம்தான் வந்துச்சு, நானோகிராம்னா ஒரு கிராம்ல நூறு கோடில ஒரு பங்கு. 5 கிராம் சேர நீங்க ஆயிரக்கணக்கான வருஷம் உயிரோட இருக்கணும். கார்டு மேட்டரை பார்வர்ட் பண்ணவங்க ஒருத்தர் கூட இதை பார்வர்ட் பண்ணல.

லேப்_எலி, உங்க இத்தாலி பேப்பர்லயும் இதே வாயு முறைதானே, அங்கயும் கொழுப்புதானே?

லேப்_எலி:

ஆமா, அதே முறைதான், ஒத்துக்கறேன். அங்க எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்புல பாத்து செல்லுக்குள்ள ஓரம் முள்ளு முள்ளா இருக்கற துகள் போட்டோவும் எடுத்திருக்காங்க, அதனால எனக்கு அது மேல கொஞ்சம் நம்பிக்கை கூட. ஆனா வேற ஊர்ல, வேற ஆளுங்க, வேற முறைல ஒரு தடவை பண்ணிக் காட்டற வரைக்கும் அந்த நாலரை மடங்கு, 4.53ங்கற நம்பரை நான் பச்சை குத்திக்க மாட்டேன்.

மாடித்தோட்டம்:

எல்லாரும் பயமுறுத்தறீங்க, நான் ஒரு நல்ல நியூஸ் சொல்றேன். வெண்டைக்காயும் வெந்தயமும்! ரஜனி ஸ்ரீனிவாசன்னு ஒரு ப்ரொபசர், டெக்சாஸ்ல டார்ல்டன் ஸ்டேட் யுனிவர்சிட்டில இருக்காங்க, அவங்க டீம் வெண்டைக்காயை நறுக்கி தண்ணில ஊற வெச்சும் வெந்தயத்தை அரைச்சு ஊற வெச்சும் அந்த கொழகொழப்பை காய வெச்சு பவுடராக்கிருக்காங்க. அதை ஒரு லிட்டருக்கு ஒரு கிராம் போட்டா, ஒரு மணி நேரத்துல வெந்தயம் 93 சதவீதம், வெண்டைக்காய் 67 சதவீதம் பிளாஸ்டிக் துகளை ஒண்ணா சேத்து அடில உக்கார வெச்சிடுச்சு. 2025ல பேப்பர் வந்துச்சு.

எங்க ஆச்சி ஊருக்குப் போனா மண்பானைக்குள்ள தேத்தாங்கொட்டைய எடுத்து கரகரன்னு தேய்ப்பாங்க, அப்புறம் கம்மாத் தண்ணிய ஊத்துவாங்க, கொஞ்ச நேரத்துல செம்மண் எல்லாம் அடில உக்காந்து மேல தண்ணி கண்ணாடியா நிக்கும். எனக்கு என்னமோ வெந்தயமும் இதே வேலையத்தான் பண்ணுதுன்னு தோணுது.

சந்தேகப்_பிராணி:

மாடித்தோட்டம், அது சரி, ஆனா அடுத்த பார்வர்ட் இப்பவே கண்ணுக்குத் தெரியுது, "தினமும் வெந்தயத் தண்ணி குடிச்சா உடம்புல இருக்கற பிளாஸ்டிக் வெளிய வந்துடும்"னு. அது பாத்திரத்துல இருக்கற தண்ணிக்குத்தான், ரத்தத்துக்கு இல்ல.

மாடித்தோட்டம்:

அய்யோ அதை நான் சொல்லவே இல்லையே. சுத்திகரிப்பு நிலையத்துல அழுக்கை ஒண்ணா திரட்ட இப்ப போடற செயற்கை பாலிமருக்கு பதிலா இதைப் போடலாம்ங்கறதுதான் அவங்க ஐடியாவே. வெந்தயத் தண்ணி நான் சுகருக்குத்தான் குடிக்கிறேன், அதுவும் எங்க டாக்டர் கேட்டா திட்டுவாரு.

ஆமா, பிளாஸ்டிக்க தின்ற பாக்டீரியா ஒண்ணு ஜப்பான்ல கண்டுபிடிச்சாங்களே அது என்னாச்சு?

லேப்_எலி:

2016ல வந்தது, சகாய் ஊர்ல பாட்டில் ரீசைக்கிள் பண்ற இடத்து மண்ணுலேர்ந்து எடுத்தாங்க. அது திங்கறது தண்ணி பாட்டில் பிளாஸ்டிக்க மட்டும்தான், பெட்னு சொல்வாங்களே அது. மெல்லிசு ஒரு துண்டைத் திங்க 6 வாரம் ஆச்சு. அதோட என்சைமை மாத்தி வேகப்படுத்தற வேலை அப்புறம் நிறைய நடந்துச்சு. ஆனா அந்த இத்தாலி ஆளுங்க ரத்தக்குழாய்ல பாத்தது பாலிஎத்திலீனும் பிவிசியும், அதெல்லாம் இதுக்கு வேகாத பருப்பு.

வேளச்சேரி_வாசி:

அப்டேட். மெட்ரோ தண்ணிய டெஸ்ட் குடுத்தேன், கடினத்தன்மை 180 வந்திருக்கு. மாமா சொன்ன மாதிரி கொதிக்க வெச்சு தெளிய விட்டு பருத்தி வேட்டித் துணில வடிகட்டி எவர்சில்வர் குடத்துல வெச்சிருக்கோம், அப்பா குடிக்கிறாரு, டாக்டரும் தண்ணிய விடுங்க மாத்திரைய ஒழுங்கா போடுங்கன்னாரு. கேன் நிறுத்தியாச்சு, வண்டில நாள் பூரா வெயில்ல காயறதை நானே பாத்துட்டேன், இனி மனசு வராது.

ஒரே ஒரு டவுட்டு. குண்டான் அடில வெள்ளையா காறை புடிக்குது, அம்மா எலுமிச்சம்பழத் தோலு போட்டு தேய்ச்சு பளபளன்னு ஆக்கிடறாங்க. அதுல மாட்டிக்கிட்ட பிளாஸ்டிக் எங்க போகும்?

பில்டர்_மாமா:

புளிப்பு பட்டா சுண்ணாம்பு கரைஞ்சிடும், பிளாஸ்டிக் கரையாது, நேரா சிங்க்குக்குள்ள போயிடும் தம்பி. காஞ்சதும் கரண்டியால சொரண்டி பேப்பர்ல மடிச்சு குப்பைல போடச் சொல்லுங்க, அப்புறமா எலுமிச்சை போடட்டும்.