லாரி பட்டையில செஞ்ச கத்தி தக்காளியில வழுக்குது, தப்பு எங்க?

துருப்பிடிச்ச அரம்:
ஆறு வாரமா லீவு நாள்ல உக்காந்து பழைய லாரி ஸ்பிரிங் பட்டையில ஒரு கிச்சன் கத்தி செஞ்சேன். கிரைண்டர்ல வெட்டி, அரம் போட்டு வடிவம் கொண்டுவந்து, கரி அடுப்புல ஹேர் டிரையர் வெச்சு ஊதி, செவக்கக் காச்சி பழைய இன்ஜின் ஆயில்ல முக்கினேன். பாக்க அம்சமா இருக்கு. தீட்டின உடனே பேப்பரை சர்ருனு கிழிக்குது, பத்து நிமிஷம் காய் நறுக்கினா தக்காளித் தோல்ல வழுக்குது. கத்தி வாயை, அதாவது வெட்டுற ஓரத்தை, விரல் நகத்து மேல படுக்க வெச்சு லேசா அழுத்தினா மடங்குறது கண்ணுக்கே தெரியுது. எஃகு சரியில்லையா, நான் சரியில்லையா?

பதம் பாரு:
செவக்கன்னா எந்த செவப்பு ப்ரோ? வெயில்ல நின்னு பாத்தா கம்மியாத்தான் தெரியும், இருட்டுல அதே சூடு பளபளக்கும். சுமார் 770 டிகிரியில காந்தம் ஒட்டுறது நின்னுடும், பட்டை எஃகு அதைத் தாண்டி 830, 840 வரைக்கும் போகணும், அப்பதான் முக்கினா இறுகும். உங்க கத்தி வாயில அரம் போட்டுப் பாருங்க, வழுக்கினா தோய்ச்சல் (முக்கறதுல வர்ற கடினம்) ஏறியிருக்கு, கடிச்சா ஏறல. அதுக்கு முன்னாடி ஒரு கேள்வி, எதுக்கு பழைய இரும்பு? 1084னு பேர் போட்டே எஃகுப் பட்டி விக்கிறாங்க, என்ன சூடு, எந்த எண்ணெய்னு எல்லாம் தெரிஞ்ச சரக்கு. உங்க கையில இருக்கிறது என்ன எஃகுன்னு யாருக்குமே தெரியாது.

சம்மட்டி சாமி:
வந்துட்டாருய்யா. ஏன் தெரியாது? ஓரத்துல ஒரு துண்டு வெட்டி, காச்சி முக்கி, வைஸ்ல புடிச்சு சுத்தியால ஒரு தட்டு தட்டு தம்பி. கண்ணாடி மாதிரி பட்டுனு உடையணும். உடைஞ்ச முகம் வெல்வெட் துணி மாதிரி சாம்பலா நைசா இருந்தா சூடு சரி, சர்க்கரை கொட்டின மாதிரி மினுமினுத்தா ஜாஸ்தி, உடையாம வளைஞ்சா பத்தல. பட்டையில 0.6 சதவீதம் பக்கம் கார்பன் இருக்கும், பதமா செஞ்சா 57, 58 ராக்வெல் (எஃகோட கடினத்தை அளக்கற கணக்கு) நிக்கும். கடையில வாங்குற கத்தி நெறைய அதே கணக்குதான். நான் அதுலதான் செய்யறேன், அடிச்சே செய்யறேன், அடிக்க அடிக்க இரும்பு இறுகும்.

பதம் பாரு:
டெஸ்ட் துண்டு விஷயம் ஒத்துக்கறேன், நல்ல யோசனை. ஆனா அடிச்சா இறுகும்ங்கறது கதை சாமி அண்ணே, செவக்கக் காச்சி அடிக்கறப்ப வடிவம்தான் மாறும், கடினம் வர்றது முக்கறதுலதான். அப்புறம் லட்சம் தடவை வளைஞ்சு நிமிந்த பட்டைக்குள்ள விரிசல் இருக்கான்னு எப்படி பாப்பீங்க? எனக்கு ஒரு தடவை கைப்பிடி எல்லாம் ஒட்டி முடிச்சு கடைசி பாலிஷ்ல தலைமுடி மாதிரி ஒரு கோடு, குதிகால்லேந்து (கைப்பிடி பக்கத்து முனை) நடு வரைக்கும். மூணு வார வேலை போச்சு. அன்னிக்கு விட்டேன் பழைய இரும்பை.

சம்மட்டி சாமி:
ஒரு பட்டை ஏமாத்துச்சுன்னு எல்லாத்தையும் தள்ளி வெக்கறதா? விரிசல் உன் தோய்ச்சல்ல கூட வந்திருக்கும்.

அடுப்படி அரசி:
எனக்கு கத்தி செய்யத் தெரியாது, தினமும் நறுக்கத் தெரியும். நீங்க ரெண்டு பேரும் எஃகு பேரைச் சொல்லி சண்டை போடுறீங்க, கத்தி எவ்வளவு தடிப்புன்னு ஒருத்தரும் கேக்கல. தம்பி, கூர் தீட்டறதுக்கு முன்னாடி வாய்கிட்ட எவ்வளவு இருந்துச்சு?

துருப்பிடிச்ச அரம்:
அக்கா, இப்ப அளந்தேன். முதுகு 4 மில்லி, வாய்க்குப் பின்னாடி 1 மில்லி. அரமும் போட்டேன், நல்லா கடிக்குது 😬

அடுப்படி அரசி:
1 மில்லியா? அது கத்தி இல்ல, ஆப்பு. வெங்காயம் நறுங்காது, பிளக்கும்.

பதம் பாரு:
அக்கா சொன்னது பாயிண்ட். முதுகு 2, வாய்க்குப் பின்னாடி 0.3 வரைக்கும் இறக்குங்க. முக்கறதுக்கு முன்னாடியே முழுசா மெலிசாக்கிடாதீங்க, கோணிக்கும், 1 மில்லி சரிதான், மிச்சத்தை முக்கினப்புறம் தேச்சு எடுங்க. அப்ப கிரைண்டர்ல நீலம் ஏறினா அந்த இடம் பதம் போயிடும், ரெண்டு தேய்ப்புக்கு ஒரு தடவை தண்ணியில நனைங்க. முக்கினதும், கண்ணாடி மாதிரி உடையாம இருக்க, ஓவன்ல 200 டிகிரி, ரெண்டு மணி நேரம், ரெண்டு தடவை. இன்ஜின் ஆயில் வேணாம், புகை ஆகாது. சமையல் எண்ணெயை 50 டிகிரிக்கு சுட வெச்சா போதும்.

சம்மட்டி சாமி:
ராத்திரியில காச்சு, காந்தத்தை ஒரு கம்பியில கட்டித் தொங்கவிட்டுக்கோ. ஒட்டலைன்னதும் அவசரப்பட்டு முக்காத, செவப்பு இன்னும் ஒரு படி ஏறட்டும்.

துருப்பிடிச்ச அரம்:
எல்லாம் சரி அண்ணே, கைப்பிடிக்கு எபாக்சி பசை ஊத்தி, பின் ஆணியும் அடிச்சுட்டேனே 😭

பதம் பாரு:
பின்னை ட்ரில் பண்ணி எடுங்க, எபாக்சி சூடு காட்டினா இளகும். ஜன்னலைத் திறந்து வெச்சுக்கங்க.

சம்மட்டி சாமி:
மிச்சப் பட்டையைத் தூக்கிப் போட்டுடாத.