சிபிஇசட் வண்டியில் கரிஸ்மா காலிப்பர் உட்காருமா?

குளச்சல்காரன்:
என்னிடம் இருப்பது 1999-இல் அப்பா வாங்கிய ஹீரோ ஹோண்டா சிபிஇசட். எஞ்சினில் ஒரு குறையும் இல்லை. முன் பிரேக்தான் தொல்லை. வீடு கடலிலிருந்து கூப்பிடு தூரம். மழைக்காலம் முழுக்க வண்டி ஓடாமல் நின்றதில், சக்கரத்தோடு சுற்றும் டிஸ்க் தட்டைக் கவ்வி நிறுத்தும் காலிப்பர், பிடித்த பிடியை விடுவதில்லை. சக்கரத்தைக் கையால் சுற்றினால் அரைச் சுற்றில் நின்றுவிடுகிறது. நாகர்கோவிலில் ஓர் ஆக்கர் (பழைய இரும்பு) கடையில் கரிஸ்மா பைக்கின் காலிப்பர், அதை வண்டியில் பூட்டும் பிராக்கெட்டோடு கிடைத்தது. ஒரே கம்பெனிதானே என்று வாங்கிவிட்டேன். துளையைக் கொஞ்சம் அராவிப் பூட்டினேன். ஆனால் காலிப்பருக்குள் இருக்கும் பேட் (பிரேக் கட்டை), டிஸ்க்கின் வெளிவிளிம்பை மட்டும் கவ்வுகிறது. விளிம்பில் விரல் அகலத்துக்குப் பளபளப்பு, உள்ளே எல்லாம் துரு. லேத்தில் வேறு பிராக்கெட் செய்தால் சரியாகுமா?

மார்த்தாண்டம் பையன்:
டிஸ்க்கையும் கரிஸ்மாவுடையதாகவே போட்டுவிடுங்கள் அண்ணா. இன்னும் நன்றாகப் பிடிக்கும்.

தக்கலை பழைய பட்டறை:
மக்களே, முதலில் அந்த வண்டியை வெளியே எடுக்காதே. கரிஸ்மாவின் டிஸ்க் 276 மி.மீ., உன்னுடையது 240. பாதியாக்கிப் பார்த்தால் 18 மி.மீ. வித்தியாசம். உன் விரல் அகலக் கணக்கு அதுதான். பேட்டின் மீதிப் பாதி காற்றில் நிற்கிறது. அந்தப் பாதி தேயாமல் பேட்டில் படிக்கட்டு விழும், பேட்டை அழுத்தும் பிஸ்டன் கோணலாகத் தள்ளும். துளையை அராவியதை நினைத்தால்தான் எனக்கு வயிறு கலங்குகிறது. பிரேக்கின் முழு பலத்தையும் தாங்குவது அந்த இரண்டு போல்ட்தான்.

தம்பி சொல்வதுபோல் பெரிய டிஸ்க் போட, அதைப் பூட்டும் சக்கர நடுப்பகுதியான ஹப்பின் துளைகளும் ஒத்துவர வேண்டும். காலிப்பரை மட்டும் மாற்றினாலும் பிஸ்டன் அளவு என்ற சிக்கல் இருக்கிறது. 25 மி.மீ. பிஸ்டன் இருந்த இடத்தில் 27 வந்தால் பரப்பு ஏறக்குறைய 17 சதவீதம் கூடும். லிவரோடு இருக்கும் பழைய மாஸ்டர் சிலிண்டர் அதற்குப் பிரேக் ஆயில் தள்ள, லிவர் அவ்வளவு கூடுதலாக உள்ளே வரும்.

உன் பழைய காலிப்பர் கெட்டுப்போனது என்று யார் சொன்னது? கழற்று. லிவரை மெல்ல அழுத்தியே பிஸ்டனை வெளியே கொண்டுவா. எதிரே ஒரு மரத்துண்டு இருக்கட்டும், விரல் வேண்டாம். ரப்பர் சீலை எடுத்துவிட்டு அது உட்காரும் பள்ளத்தைப் பார். உப்புக்காற்றில் அலுமினியம் பூத்து வெள்ளைப் பொடியாக அங்கே அடைந்திருக்கும். அது சீலை உள்ளே நெருக்குவதால்தான் பிஸ்டன் திரும்பாமல் நிற்கிறது. பொடியைச் சுரண்டி எடுத்து, புது சீலைப் புது பிரேக் ஆயிலில் நனைத்துப் பூட்டு. பெட்ரோல், மண்ணெண்ணெய் பக்கமே போகாதே, ரப்பர் ஊதிவிடும். பிஸ்டன் மேலே துருக்குழி விழுந்திருந்தால் அதையும் மாற்று.

குளச்சல்காரன்:
சார், திறந்தேன். பள்ளம் முழுக்கச் சுண்ணாம்பு அடித்ததுபோல் இருந்தது. பிஸ்டன் இரண்டில் ஒன்றில் குழி; அதை மாற்றினேன். இப்போது சக்கரம் தடையில்லாமல் சுற்றுகிறது. பிரேக் ஆயிலைப் பழைய டப்பாவிலிருந்து ஊற்றலாமா? போன வருடம் திறந்தது.

தக்கலை பழைய பட்டறை:
வேண்டாம். திறந்த டப்பா காற்றிலிருந்து ஈரத்தை இழுத்திருக்கும், அதுவும் குளச்சலில். புதிது வாங்கு.

குளச்சல்காரன்:
வாங்கிவிட்டேன். கரிஸ்மா காலிப்பரைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். அராவிய துளையைத் தடவிப் பார்த்துவிட்டு, எடைக்குத்தான் எடுப்பேன் என்கிறார் கடைக்காரர்.