புதுப்பிப்பு: கேட்ச் கேன் மாட்டியாச்சு, ஏற்காடும் ஏறி இறங்கியாச்சு

டர்போ பெட்ரோல் காரில் இன்ஜினுக்குக் காற்று போகும் இன்டேக் குழாய்க்குள் எண்ணெய் ஈரம் இருக்கிறது, அந்த எண்ணெயை வழியிலேயே பிடித்துவைக்கும் சின்ன டப்பாவான ஆயில் கேட்ச் கேன் போட்டால் பயன் உண்டா என்று முன்பு இங்கே கேட்டிருந்தேன். சரி, போட்டாச்சு.

பனிக்காலத்தில் ஏற்காடு போய் வந்து கேனைக் கழற்றினால், பால் அதிகம் விட்ட காபி நிறத்தில் கொழகொழவென்று ஒன்று, பெட்ரோல் வாடையோடு. சேலம் அஸ்தம்பட்டி மெக்கானிக் விரலில் தொட்டுப் பார்த்துவிட்டு, "பயப்படாதீங்கண்ணா, குளிருக்குத் தண்ணி சேர்ந்திருக்குது" என்றார். பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டிக் கசியும் வாயுவில் எண்ணெய்த் துளிகளோடு நீராவியும் இருக்கும். கேனுக்குள் இருக்கும் வலையில் பட்டுக் குளிர்ந்ததும் இரண்டும் அடியில் தங்கிவிடும். மிச்ச வாயு மறுபடி இன்டேக்குக்கே போகும். டைரக்ட் இன்ஜெக்‌ஷன் இன்ஜினில் பெட்ரோல் நேராகச் சிலிண்டருக்குள் தெளிப்பதால், இன்டேக் வால்வைக் கழுவிவிட ஒன்றும் இல்லை. தப்பிப் போகும் எண்ணெய் அங்கேதான் கரியாகப் படியும்.

இன்ஜின் ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக்கிலும் இதே நிறம் தெரிந்து, கூலன்ட்டும் குறைந்தால் அது வேறு கதை. எண்ணெயும் கூலன்ட்டும் கலக்காமல் தடுக்கும் ஹெட் கேஸ்கெட்டை முதலில் பாருங்கள்.

மைலேஜ், பிக்கப் எதிலும் மாற்றம் இல்லை. ஏற்கெனவே படிந்த கரியையும் இது எடுக்காது. கேனிலிருந்து இன்டேக்குக்குப் போகும் குழாயைத் திறந்தவெளியில் விட்டுவிடலாமா என்று கேட்டவர்களுக்கு: வேண்டாம், அது மாசு, காருக்குள்ளும் நாறும். அப்புறம், கேன் நிரம்பும்வரை விடாதீர்கள். சேர்ந்த அத்தனையையும் இன்ஜின் உறிஞ்சிவிடும்.